ஏழு வருஷம் கோர்ட்டுக்கு நடந்தது டிவி இல்லை

சனிக்கிழமை நம்ம சினிமா குழுவில் நடந்த கூத்தைப் பார்த்தவங்களுக்கு முன்கதை தேவையில்லை. பார்க்காதவங்க புண்ணியம் பண்ணவங்க. ஜெசிகா லால் கொலை வழக்கை வச்சு எடுத்த இந்திப் படம் ‘நோ ஒன் கில்ட் ஜெசிகா’ பத்தி ஒரு நண்பரின் பதிவு, அதுக்குக் கீழே வரிசையா விழுந்த சிரிப்பு எமோஜிகள். “வித்யா பாலன் படம் முழுக்க மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டே இருக்கு, ராணி முகர்ஜி வந்தப்புறம்தான் படம் எழுந்து உக்காருது”ன்னு எழுதியிருந்தார். அது ரசனை. அதுல எனக்குச் சண்டை இல்லை. அடுத்த வரிதான் சுருக்குன்னு தைச்சது. “டிவிக்காரங்க மட்டும் இல்லேன்னா அந்தம்மா வீட்ல உக்காந்து அழுதுட்டே இருந்திருக்கும்.”

வீட்ல உக்காந்தா? சப்ரினா லாலா? ஜெசிகாவோட தங்கச்சி, படத்துல வித்யா பாலன் நடிச்சது அவங்களாத்தான்.

1999 ஏப்ரல் கடைசி. டெல்லி மெஹ்ரோலியில் குதுப் மினார் பக்கத்துல இருந்த டாமரிண்ட் கோர்ட் உணவகம். நள்ளிரவு தாண்டி, சரக்கு தீர்ந்துபோச்சுன்னு சொன்ன பொண்ணு கிட்ட ஆயிரம் ரூபாயை நீட்டியிருக்கான் ஒருத்தன். அப்பவும் இல்லேன்னதும் துப்பாக்கியை எடுத்து ஒரு குண்டை மேலே சுட்டான், அடுத்தது ஜெசிகாவோட தலையில. சுட்ட மனு சர்மா, ஹரியானா காங்கிரஸ் புள்ளி வினோத் சர்மாவோட பையன். துப்பாக்கி கடைசி வரைக்கும் கிடைக்கவே இல்லை. 2006 பிப்ரவரி 21-ல் விசாரணை நீதிமன்றம் குற்றம்சாட்டப்பட்ட ஒன்பது பேரையும் விடுவிச்சது.

அந்த ரெண்டு தேதிக்கும் நடுவுல ஏழு வருஷம் இருக்கு. ஜனங்க நீதி கேட்டு ஏத்தின மெழுகுவர்த்தியும் அனுப்பின எஸ்எம்எஸ்ஸும் தெஹல்கா பத்திரிகையின் ரகசிய கேமராவும் வந்ததெல்லாம் 2006-ல், எல்லாரையும் விடுவிச்ச பிறகு. அதுவரைக்கும் வாய்தா வாய்தாவா ஏறி இறங்கினது யாரு? சப்ரினாதான். நடுவுல, 2002-ல் அவங்க அம்மாவும் போய்ட்டாங்க. அந்த ஏழு வருஷத்தைத்தான் நீங்க “மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு”ன்னு ஒரு வரியில முடிச்சிட்டீங்க.

படமும் சும்மா இல்லை. ராணி முகர்ஜி நடிச்ச அந்த டிவி நிருபர் பாத்திரம் கற்பனை, பல பேர் செஞ்ச வேலையை ஒரே ஆள் தலையில ஏத்தியிருக்காங்க. சினிமான்னா அப்படித்தான், விடுங்க. ஆனா படத்துலேயே அந்த நிருபர் ஆரம்பத்துல “இது தானா முடியுற கேஸ்”னு கையக் கழுவிட்டுப் போறாங்களே, அது யார் கண்ணுலயும் படலையா? அந்த இன்ஸ்பெக்டர், குற்றவாளியை அடிக்காம இருக்கவே எழுபது லட்சம் வாங்கினேன்னு சாதாரணமாச் சொல்ற இடம், எதிரே சப்ரினா உக்காந்திருக்கிற இடம். எனக்கு மொத்தப் படமும் அந்த மேஜைதான். அங்க பின்னணி இசையும் இல்லை, பஞ்ச் டயலாக்கும் இல்லை. அதனால உங்களுக்கு போர்.

“ஊடகம் ஒண்ணுமே பண்ணலையா மேடம்?” பண்ணுச்சு. யார் இல்லேன்னா? அந்தச் சத்தம் இல்லேன்னா மேல்முறையீடு அவ்வளவு வேகமா நகர்ந்திருக்காது. போதுமா? ஆனா ஒண்ணு யோசிங்க. 2006 டிசம்பர்ல டெல்லி உயர் நீதிமன்ற நீதிபதிகள் சோதியும் பாசினும் மனு சர்மாவைக் குற்றவாளின்னாங்களே, அதுக்குப் புதுசா எந்த ஆதாரமும் வரலை. அதே பழைய கட்டு. சொன்ன சொல்லு மாறாத சாட்சிகள், அந்த உணவகத்தை நடத்தின பீனா ரமானி மாதிரி, ஏற்கெனவே கோர்ட்டுல சொல்லி வச்சிருந்ததை ஒழுங்காப் படிச்சாங்க. அவ்வளவுதான். 2010-ல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செஞ்சது. அப்போ ஜெயிச்சது யாரு, கேமராவா, கூண்டுல ஏறி நின்னு சொன்னவங்களா?

இதுல எனக்கு ஏன் இவ்வளவு பொத்துக்கிட்டு வருதுன்னு இன்பாக்ஸ்ல ஒரு தம்பி கேட்டார். சொல்றேன். எங்க மாமாவை ஒரு லாரி அடிச்சுப் போட்டது. பார்த்தது எதிர் டீக்கடைக்காரர். போலீஸ்ல எல்லாத்தையும் சொன்னவர், கோர்ட்டுல “நான் அப்போ பால் வாங்கப் போயிருந்தேங்க”ன்னுட்டார். பிறழ் சாட்சி. துணைக்குப் போன நான் கல்லூரிப் பொண்ணு, அந்த வார்த்தையே அன்னைக்குத்தான் கேட்டேன். வெளிய வந்ததும் அந்த மனுஷன் எங்க அத்தைக்கு ஒரு டீ வாங்கிட்டு வந்து நீட்டினார். “எனக்கும் ரெண்டு பொண்ணு இருக்கும்மா” அப்படின்னார். அத்தை வாங்கிக் குடிச்சாங்க. எனக்கு அந்த கிளாஸைப் பிடுங்கி அவர் மூஞ்சியில வீசணும்போல இருந்தது. அதுக்கப்புறமும் அத்தை வாய்தாவுக்குப் போறதை நிறுத்தலை. டவாலி பேர் கூப்பிடறது காதுல விழாமப் போயிடுமோன்னு பாத்ரூம் கூடப் போகாம கதவோரமே நிப்பாங்க. எங்க அத்தைக்கு எந்த ராணி முகர்ஜியும் வரலைங்க.

அந்த டீக்கடைக்காரருக்காவது பயம். ஜெசிகா கேஸ்ல முக்கிய சாட்சி, என் வாக்குமூலத்தை இந்தியில எழுதிட்டாங்க, எனக்கு இந்தி தெரியாதுன்னார். ரெண்டு துப்பாக்கி, ரெண்டு ஆளுன்னு கதையையே மாத்தினார். அந்தக் கூட்டத்துல இருந்த பெரிய வீட்டுப் பிள்ளைங்க எத்தனை பேருக்கு அன்னைக்கு ராத்திரி கண்ணு தெரியாமப் போச்சு! அதைப் பத்தி ஒரு கமெண்ட் உண்டா? பாதிக்கப்பட்டவங்க எப்படி அழணும், எவ்வளவு அழணும், பார்க்கிறவங்களுக்கு போர் அடிக்காம எப்படி நீதி கேட்கணும், இதுலதான் எல்லாருக்கும் கருத்து.

அப்புறம் வந்தது பாருங்க, “அந்தம்மாவே 2018-ல மன்னிச்சாச்சு, உங்களுக்கு என்ன?” ஆமா, மனு சர்மாவை விடுதலை செய்ய எனக்கு ஆட்சேபம் இல்லைன்னு சப்ரினா எழுதிக் கொடுத்தாங்க. 2020 ஜூன்ல நன்னடத்தைன்னு சொல்லி விட்டாங்க. 2009-ல பரோல்ல வந்து இரவு விடுதியில சுத்தின அதே நன்னடத்தை. அடுத்த வருஷமே சப்ரினா செத்துப்போனாங்க. அந்த மன்னிப்பு அவங்களோடது. உடம்பும் மனசும் ஓய்ஞ்சு கொடுத்ததோ, தெளிஞ்சு கொடுத்ததோ, எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. அதை எடுத்து என் வாயை அடைக்க உங்களுக்கு யார் கொடுத்தா?

“ஒரு படத்துக்குப் போய் இவ்வளவா”ன்னு சிலர் ஆரம்பிப்பாங்க. அந்தப் பதிவுக்கு ஹாஹா போட்டவங்கள்ல நாலு பேர் என் நட்புப் பட்டியல்ல இருக்கீங்க, ஒருத்தர் வக்கீல். சார், நீங்களுமா? வாய்தான்னா என்னன்னு உங்களுக்குமா நான் சொல்லணும்?