கவசம் அணிந்தவருக்குக் கிரேன் தேவைப்பட்டதில்லை

‘இடைக்கால வீரரின் கவசம் ஐம்பது கிலோ, விழுந்தால் எழவே முடியாது, குதிரையில் ஏற்றக் கிரேன் வேண்டும்’ என்று ஒருவர் உறுதியாக எழுதியிருக்கிறார். அது வெறும் கட்டுக்கதை. 15ஆம் நூற்றாண்டின் போர்க்கள எஃகுக் கவசம் முழுவதும் சேர்ந்தே பெரும்பாலும் 20 முதல் 25 கிலோதான். குதிரை மீதிருந்து ஈட்டியால் மோதும் பந்தயத்துக்கென்று செய்த கவசங்கள் வேறு. அவை கனமானவை, அவற்றோடு யாரும் தரையில் போரிடவில்லை. பிரெஞ்சுத் தளபதி பூசிகோ, தலைக்கவசம் தவிர மற்ற எல்லாம் அணிந்தபடி குட்டிக்கரணம் அடித்ததாக அவருடைய வரலாறு சொல்கிறது. கொஞ்சம் மிகைப்படுத்தியிருக்கலாம் என்றே வைத்துக்கொள்வோம், கிரேன் எங்கிருந்து வந்தது?

களைப்பு மட்டும் உண்மை. 2011இல் லீட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கவசம் அணிந்தவர்களை டிரெட்மில்லில் நடக்கவிட்டு அளந்தார்கள். செலவான ஆற்றல் ஏறக்குறைய இரு மடங்கு. காலில் கட்டிய எடையை ஒவ்வொரு அடிக்கும் வீசித் தூக்க வேண்டியிருப்பது முக்கியக் காரணம். ஆகவே பொழுதுபோக்குச் சண்டைக்குக் கவசம் செய்பவர்கள் கால் தகடுகளுக்குப் பதப்படுத்திய மெல்லிய எஃகைத் தேர்ந்தெடுங்கள். தலைக்கவசத்தில் மட்டும் கனத்தைக் குறைக்காதீர்கள்.