வாடகை கொடுக்காத கதாபாத்திரங்கள்

போன மாதம் ஒரு சிறுகதைப் போட்டிக்கு முதல் சுற்று வாசிப்பாளராக இருந்தேன். கொடுத்திருந்த பொருள், நகர வாழ்க்கையும் உறவுகளும். 60 கதைகளுக்கு மேல் வந்திருந்தன. பெரும்பாலும் சென்னைக் கதைகள். நடை நன்றாக இருந்தது, பேச்சும் இயல்பாக இருந்தது. ஆனாலும் எல்லாவற்றையும் படித்து முடித்தபோது மனசு ஆறவில்லை.

இந்தக் கதைகளில் யாருமே வாடகை கொடுப்பதில்லை. கணவனும் மனைவியும் பால்கனியில் நின்று மழையைப் பார்த்தபடி பிரிவதைப் பற்றிப் பேசுகிறார்கள். அந்த வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்தது யார், பிரிந்தால் அது யாருக்குப் போகும் என்று ஒருவர்கூட யோசிப்பதில்லை. மூன்று மாத வாடகைதான் அட்வான்ஸ் என்று சட்டம் சொன்னாலும், சென்னையில் ஆறு மாதம், பத்து மாதம் என்று கேட்கிற ஓனர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தப் பணத்துக்காகவே ஒரே வீட்டில் பேசாமல் வாழும் தம்பதிகளை எனக்குத் தெரியும். அவர்கள் கதை ஒன்றுகூட வரவில்லை.

புதுமைப்பித்தனின் ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ சிறுகதை எப்படித் தொடங்குகிறது என்று நினைத்துப் பாருங்கள். பிராட்வே முனையில் நின்று பிள்ளை கணக்குப் போடுகிறார். டிராமில் போனால் வெற்றிலை பாக்குக்குக் காசு மிஞ்சும். பஸ்ஸில் கண்டக்டரை ஏமாற்றிக்கொண்டு கொஞ்ச தூரம் போய்விட்டால் அரை கப் காப்பி குடிக்கலாம். கடவுள் வந்து திருவல்லிக்கேணிக்கு வழி கேட்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான். டிராம் 1953லேயே நின்றுவிட்டது. அந்தக் காலணாக் கணக்கு இன்னும் நிற்கவில்லை. கடவுளே வந்தாலும் நம்புகிற மாதிரி இருப்பது அந்தக் கணக்கால்தான் என்று நினைக்கிறேன்.

எங்கள் பெரம்பூர் குடியிருப்பில் மேல் மாடியில் ஒரு அக்கா இருக்கிறார். கணவர் இல்லை. ஒரே மகளைப் பெசன்ட் நகர் பக்கம் கட்டிக்கொடுத்திருக்கிறார். முன்பெல்லாம் மாதம் ஒருமுறைதான் போவார். 2021 மே மாதம் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்றானதும், வாரம் இரண்டு முறை போக ஆரம்பித்தார். சிவப்பு டீலக்ஸ் வண்டி காலியாக வந்தாலும் விட்டுவிடுவார். காசு கேட்காத 29சி பிங்க் பஸ் வரும்வரை நிற்பார். பையில் கறிவேப்பிலை, ஊறுகாய் பாட்டில், பேரனுக்கு முறுக்கு.

ஒருநாள் அந்த மகள் இங்கே வந்திருந்தாள். மாடிப்படியில் உட்கார்ந்து என்னிடம் சொன்னாள்: “அம்மா வர்றது சந்தோஷம்தாங்க்கா. ஆனா மாசம் ஒருதரம் வந்தப்போ வீட்டையும் துடைச்சு, முகத்தையும் துடைச்சு வைக்க முடிஞ்சது. இப்ப முடியல. அவர் நாலு நாளா வீட்டுக்கு வரலைங்கிறது அம்மாவுக்குத் தெரிஞ்சுபோச்சு.”

கேட்டதும் எனக்குப் பேச்சே வரவில்லை. பஸ்ஸில் கட்டணம் இல்லை என்ற ஒரு அரசாணை, ஒரு தாய்க்கும் மகளுக்கும் இடையில் இருந்த திரையை விலக்கிவிட்டது. இதை எழுத யாருக்காவது கை வரவேண்டும் என்று உண்மையாகவே ஏங்குகிறேன்.

2019 கோடையும் அப்படித்தான். ஏரிகள் வறண்டு, லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு ராத்திரியெல்லாம் விழித்துக் கிடந்தோம். யார் முதலில் குளிப்பது என்பதில் மாமியாரும் மருமகளும் மாதக்கணக்கில் பேசாமல் இருந்த வீடு எங்கள் தெருவிலேயே உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் அது வெறும் தண்ணீர்ச் சண்டை. அந்த வீட்டில் யாருக்கு என்ன இடம் என்பது முழுவதும் அந்த வாளியில்தான் இருந்தது.

எழுதுகிற தம்பி தங்கைகளிடம் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் நாயகி ஆபீஸிலிருந்து வீட்டுக்கு எதில் வருகிறாள்? உட்கார இடம் கிடைத்ததா? மாசக் கடைசியில் யாரிடம் கைமாற்று வாங்குகிறாள்? அவளுடைய தனிமையைப் பற்றி நான்கு பத்தி எழுதுகிறீர்கள், படிக்கிறேன். அவளை எனக்கு அடையாளம் தெரியவேண்டுமே.

மேல் மாடி அக்கா இப்போதும் வாரம் இரண்டு முறை போகிறார். பையில் முறுக்கு மட்டும் இருப்பதில்லை, மகளின் சர்டிபிகேட் நகல்களும் இருக்கின்றன. அடையாறு பக்கம் எங்கோ வேலைக்கு ஆள் கேட்கிறார்களாம்.