போன வருஷத் தேன் மாதிரி இல்லையேன்னு கேக்குறவங்களுக்கு

காட்டுப்பூத் தேன் வாங்கிட்டு "போன தடவை மாதிரி இல்லையே, கலரே மாறிடுச்சே, கலப்படமா"ன்னு கேக்குற கோஷ்டில நானும் இருந்தவன்தான். நான் தேன் வாங்குற குடும்பம் மூணு தலைமுறையா பெட்டி வச்சு தேனீ வளர்க்குது, தாத்தா ஆரம்பிச்சாரு, மகன் பெருசாக்கினாரு, இப்ப பேத்தி பாத்துக்குது. அந்தப் பொண்ணுகிட்டயே கேட்டுட்டேன். கோவப்படல. "அண்ணே, அஞ்சு வருஷமா ஒரே மாதிரி இருந்திருந்தா அப்ப கேட்டிருக்கணும் நீங்க"ன்னு சொல்லுச்சு.

சுருக்குன்னு இருந்துச்சு. ஆனா வாஸ்தவம்தானே. காட்டுப்பூத் தேன்னா இன்ன பூன்னு இல்லாம சுத்துவட்டாரத்துல எது பூத்திருக்கோ அது. ஒரு தேனீ ஒரு நடைக்கு பெரும்பாலும் ஒரே வகைப் பூவுக்குத்தான் போகும், ஆனா ஒரு பெட்டிக்குள்ள பல ஆயிரம் தேனீ இருக்கு, அத்தனையும் கொண்டுவந்து கொட்டும்போது கலந்துடுது. மழை பத்து நாள் தள்ளிப்போனா ஒரு பூவே அந்த வருஷக் கணக்குல இருக்காது, அப்புறம் எப்படிங்க அதே ருசி வரும்?

அதே ருசி வேணும்னா பல இடத்துத் தேனை வாங்கி ஒண்ணாக் கலக்கணும், உறையாம இருக்க சூடுபண்ணணும், பளபளன்னு தெரிய நல்லா வடிகட்டணும். சூடு அதிகமானா தேன்ல இருக்குற என்சைம் குறையும், ரொம்ப நுணுக்கமா வடிகட்டினா மகரந்தமும் போயிடும், மகரந்தம் போனா அது எந்தப் பூவுலேர்ந்து வந்துச்சுன்னு கண்டுபிடிக்கிறதே கஷ்டம். அது போலின்னு நான் சொல்லல, தேன்தான், ஆனா அதுல காடு எங்க இருக்கு? கம்பெனியை மட்டும் திட்டிப் பிரயோஜனமில்ல, ஒரே கலர்ல வேணும்னு கேட்டது நாமதான்.

அடுத்து இந்த உறையுறது. அடியில சர்க்கரை மாதிரி படிஞ்சா உடனே "சர்க்கரைப் பாகு ஊத்திட்டான்"னு போஸ்ட் போட்டுடுறாங்க. குளுக்கோஸ் கூடுதலா இருக்குற தேன் தானாவே உறையும், 14 டிகிரி பக்கத்துல இன்னும் வேகமா. வெதுவெதுப்பான தண்ணில பாட்டிலை வச்சா இளகிடும், அவ்ளோதான். தண்ணில விட்டுப் பாக்குறது, தீக்குச்சில தடவிக் கொளுத்துறது எல்லாம் சும்மா, கெட்டியான பாகும் தண்ணிக்கு அடியிலதான் போய் உக்காரும். லேப்லயே கரும்பு, மக்காச்சோளச் சர்க்கரையைக் காட்டிக்குடுக்குற கார்பன் டெஸ்ட்ல அரிசிப்பாகு தப்பிச்சுடும், இதுல நம்ம தீக்குச்சி என்ன பண்ணும்!

(ஒரு வயசு ஆகாத குழந்தைக்கு மட்டும் எந்தத் தேனும் நாக்குல தடவாதீங்க, சுத்தமான தேன்லயும் பொட்டுலிசம்ங்கிற நோயைக் குடுக்குற பாக்டீரியாவோட வித்து இருக்கலாம்.)

அதுக்காக லேபிள்ல "மூணு தலைமுறை"ன்னு போட்டிருந்தா கண்ணை மூடிட்டு நம்பச் சொல்லல. தேன் எடுக்குறவன் புறங்கையை நக்காம இருப்பானான்னு சும்மாவா சொன்னாங்க. கேள்வி கேளுங்க. அடை மூடின பிறகு எடுத்தீங்களான்னு கேளுங்க. பூவுலேர்ந்து வர்றது முக்கால்வாசி தண்ணி மாதிரிதான் இருக்கும், தேனீங்க ராத்திரியெல்லாம் சிறகடிச்சு காத்து வீசி ஈரத்தை 18 சதவீதம் பக்கத்துக்குக் கொண்டுவந்துட்டுத்தான் மெழுகால மூடும். அவசரப்பட்டு அதுக்கு முன்னாடியே எடுத்தா கொஞ்ச நாள்ல புளிச்சு நுரை தட்டும். பெட்டிக்கு எவ்ளோ விட்டுவச்சீங்கன்னும் கேளுங்க, பூ இல்லாத காலத்துக்கு அதுங்க சேத்துவச்ச சாப்பாடு அது, ஒரு பணித்தேனீ ஆயுசு முழுக்க ஓடினாலும் டீஸ்பூன்ல 12ல ஒரு பங்குதான் தேறும்னு சொல்வாங்க.

இந்தக் குடும்பத்துகிட்ட எனக்குப் பிடிச்சதே தாத்தாவோட நோட்டுதான். எந்த மாசம் எந்த மரம் பூத்துச்சு, எந்தப் பெட்டி எவ்ளோ குடுத்துச்சு, எந்தப் பெட்டி கூட்டத்தோட ஓடிப்போச்சுன்னு எல்லாம் எழுதிவச்சிருக்காரு. ஒரு வருஷம் "இந்தத் தடவை விக்கிற அளவுக்கு இல்ல, தேனீக்கே விட்டுட்டோம்"னு மெசேஜ் வந்துச்சு, அப்ப கடுப்பாயிட்டேன், இப்ப நினைச்சா வெக்கமா இருக்கு.

இந்த வருஷ பாட்டில் கருப்பட்டிக் கலர்ல இருக்கு, கடைசில லேசா ஒரு கசப்பு. என்ன பூம்மான்னு கேட்டிருக்கேன், நோட்டைப் பாத்துட்டு சொல்றேன்னு சொல்லியிருக்கு.