தனியாகவா என்று கேட்காத வீடு

திருகோணமலையில் நான் தங்கிய வீட்டைப் பற்றிப் போன வாரம் இரண்டு வரி எழுதியிருந்தேன். "காசு வாங்கிக்கொண்டு சோறு போடுவது விருந்தோம்பலா?" என்று நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். ஆம், விருந்தோம்பல்தான். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதைச் சற்று விரிவாகவே எழுத வேண்டும்.

எங்கள் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் தொடங்கி, இடையில் நின்று, மறுபடியும் ஓடத் தொடங்கிய கப்பலில் கடல் தாண்டி, யாழ்ப்பாணத்திலிருந்து பேருந்து பிடித்துப் போய்ச் சேர்ந்தேன். பயணச்சீட்டு எடுத்த நாள் முதல் பேருந்தில் பக்கத்தில் அமர்ந்திருந்த பெண்மணி வரை எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி: "தனியாகவா?" அக்கறையில் கேட்பதுதான். ஆனால் நாற்பத்தொரு வயதுப் பெண் அதற்குப் பதில் சொல்ல வேண்டுமென்றால், ஒவ்வொரு முறையும் தன் குடும்பக் கதையையே சொல்ல வேண்டியிருக்கிறது.

அந்த வீட்டு அன்ரி ஓய்வுபெற்ற ஆசிரியை. மூன்று இரவுகளுக்கும் இரண்டு வேளைச் சாப்பாட்டுக்கும் எவ்வளவு என்பதைத் தொலைபேசியிலேயே சொல்லிவிட்டார். வாசலில் வைத்து வெளிக்கதவின் சாவியைக் கையில் கொடுத்து, "இரவு எத்தனை மணிக்குத் திரும்பி வருவீங்க பிள்ளை? சாப்பாடு மூடி வைக்க வேணும்" என்றார். நான் ஏன் தனியாக வந்தேன் என்பதை அன்றும் கேட்கவில்லை, மறுநாளும் கேட்கவில்லை.

பணம் முன்பே பேசி முடிந்திருந்ததால்தான் என்னால் கூச்சமின்றி இன்னும் இரண்டு இடியப்பம் கேட்க முடிந்தது. உறவினர் வீடாக இருந்திருந்தால், அவர்களுடைய நேரத்துக்கும் மனத்துக்கும் கடன்பட்டவளாக, காலையில் புறப்படும்போதே மாலையில் திரும்பும் கவலையோடு நடந்திருப்பேன். கோணேசர் கோயிலுக்குப் போகக் கோட்டைக்குள் நுழைந்து, வழியில் மேயும் புள்ளிமான்களைக் கடந்து, மலையில் ஏற வேண்டும். சம்பந்தர் பதிகம் பாடிய பழைய கோயிலைப் போர்த்துக்கேயர் 17ஆம் நூற்றாண்டில் இடித்து, அந்தக் கற்களைக் கொண்டே கோட்டை கட்டினார்கள் என்பதைப் படித்திருந்தேன். அந்தப் பாறை விளிம்பில் இருட்டும்வரை உட்கார்ந்திருந்தேன். எட்டு மணி என்று சொல்லியிருந்தேன். எட்டு மணிவரை அந்தக் கடல் எனக்கே உரியதாக இருந்தது.

இரண்டாம் நாள் இரவு, சொதி ஊற்றிக்கொண்டே எந்த ஊர் என்று கேட்டார். நாகப்பட்டினம் என்றேன். கரண்டியைச் சட்டியிலேயே வைத்துவிட்டுச் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "உங்கட பக்கமும் கடல் வந்ததுதானே" என்றார். 2004 டிசம்பர் 26ஐப் பற்றி நாங்கள் பேசியது அவ்வளவுதான். யாரை இழந்தேன் என்று அவர் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. இருபது ஆண்டுகளாக அந்த நாளைப் பற்றி எத்தனையோ பேருக்குப் பதில் சொல்லியிருக்கிறேன். பதில் சொல்லத் தேவையில்லாத இடமாக எனக்கு வாய்த்தது அந்த மேசை ஒன்றுதான்.

மறுநாள் காலை அவராகவே என்னுடன் கன்னியாவுக்கு வந்தார். ஏழு வெந்நீர்க் கிணறுகள், ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு. இறந்தோருக்கான கிரியைகளை அங்கே செய்வது வழக்கம். தம் தாய்க்கு அங்கே செய்ததை, வாளியில் நீர் மொண்டுகொண்டே அவராகச் சொன்னார். நான் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாரா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

விருந்தினரைக் கவனிப்பதென்றால் அருகிலேயே இருந்து உபசரிப்பது என்றுதான் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். தனியாக வரும் பெண்ணுக்கு அது பல சமயம் காவலாக மாறிவிடுகிறது. அந்த அன்ரி சோற்றுக்கும் படுக்கைக்கும்தான் பணம் வாங்கினார். என்னைக் கேள்வி கேட்காமல் விட்டதற்கு அவர் விலை சொல்லவில்லை, சொல்லியிருந்தால் கொடுத்திருப்பேன்.

அவருடைய எண்ணைக் கேட்டுத் தனிச்செய்தி அனுப்பியிருக்கும் தோழிகளுக்கு: இருப்பது ஒரே அறை. அவரிடம் கேட்டுவிட்டுத்தான் தருவேன். பேசும்போது, எத்தனை மணிக்குப் போய்ச் சேருவீர்கள் என்பதை முதலில் சொல்லிவிடுங்கள்.