த்ரீ வுட் வாங்கறவங்க ஷாஃப்ட் நீளத்த முதல்ல பாருங்க

பாலக்காடு எல்லையில இருக்கற எங்க கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், வாளையார் பக்கம் கோல்ஃப் ஆடறவங்க ரொம்பக் கம்மிங்க, ஆனா ஆடற எல்லாருமே கிளப் செட் (பந்தடிக்கற கோலுங்க) வாங்கறது கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான். ஒண்ணு துபாய்லயோ மஸ்கட்லயோ இருக்கற மச்சான் லீவுக்கு வரும்போது கொண்டாந்து குடுத்தது, இல்லாட்டி கோயமுத்தூர்ல யாராவது புதுசு வாங்கிட்டு தள்ளிவிட்ட பழசு. வாங்கும்போது லாஃப்ட் (கிளப் முகத்தோட சாய்வு) எத்தன டிகிரி, ஷாஃப்ட் (கிளப்போட தண்டு) ரெகுலரா ஸ்டிஃப்பா (வெறப்பா), என்ன பிராண்டுன்னு எல்லாத்தையும் கேக்கறோம், நீளம் எவ்வளவுன்னு மட்டும் ஒருத்தரும் கேக்கறதில்ல.

நான் அடிச்சுச் சொல்றேன், நம்மள்ல முக்காவாசிப் பேருக்கு இப்ப கடையில வர்ற த்ரீ வுட்டோட, அதாவது தரையில கெடக்கற பந்தயும் தூரமா அடிக்கற கிளப்போட, நீளம் ஜாஸ்தி. இப்ப வர்றது பெரும்பாலும் 43 இன்ச், 43.25 இன்ச். மரத்தலை, ஸ்டீல் ஷாஃப்ட் காலத்துல 42தான் சாதாரணமா இருந்துச்சு, டீங்கற சின்ன முளை மேல பந்த வச்சு ரொம்ப தூரம் அடிக்கற டிரைவரே 43தான். அப்புறம் கிராஃபைட் வந்துச்சு, எடை கொறஞ்சுது, கம்பெனிக்காரங்க தூரத்த காட்டி விக்கறதுக்கு நீளத்த ஏத்திக்கிட்டே போனாங்க. டிரைவர் 45.5 ஆனப்ப அது பின்னாடியே த்ரீ வுட் மாதிரியான ஃபேர்வே வுட்டும் ஏறிடுச்சு.

2016ல பிஜிஏ சாம்பியன்ஷிப்ங்கற பெரிய கோல்ஃப் போட்டிய ஜெயிச்ச ஜிம்மி வாக்கர் அடுத்த வருசமே டிரைவர 42 இன்ச்சுக்கு வெட்டிட்டு வந்து ஆடுனாரு. டிரைவருங்க! டீ மேல உக்காந்திருக்கற பந்த, 460 சிசி வரைக்கும் இருக்கற பெரிய தலைய வச்சு அடிக்கறதுக்கே அவருக்கு 42 போதும்னு தோணிருக்கு. நாம என்ன பண்றோம், தரையில புல்லுக்குள்ள கெடக்கற பந்த, அதுல பாதி அளவுகூட இல்லாத தலைய வச்சு, 43.25ல அடிச்சிட்டு டாப் ஆயிடுச்சு (பந்தோட மண்டையில பட்டுருச்சு) டாப் ஆயிடுச்சுன்னு பொலம்பறோம். ஸ்விங் சரியில்லைன்னு கோச்சுக்கிட்ட போறோம், யூடியூப் பாக்கறோம், கடைசில அந்த கிளப்ப பையிலருந்து எடுக்கறதையே விட்டர்றோம். ஆளு நல்லாத்தான் சுத்தறாரு, கையில இருக்கறது அவருக்கு நீளம், இத எத்தன பேருகிட்ட பாத்துட்டேன்.

காரணம் ரொம்ப சிம்பிள். ஷாஃப்ட் நீளமாக நீளமாக பந்த விட்டு தள்ளி நிக்கணும், ஸ்விங் படுத்துக்கும், கிளப் தலை தரையத் தொடற எடம் ஒவ்வொரு தடவயும் ஒரு எடத்துல விழும். டீ போட்டு அடிக்கும்போது அந்த வித்தியாசம் அவ்வளவா தெரியாது, தரையில இருந்து அடிக்கும்போது அரை இன்ச் முன்ன பின்ன ஆனாலே ஒண்ணு மண்ணு இல்ல பந்தோட மண்டை. நடுவுல படாத பந்துக்கு எவ்வளவு வேகமா சுத்துனாலும் தூரம் கெடைக்காது.

எங்க பக்கத்துக்குன்னு இன்னொண்ணு இருக்குது. ஆனி ஆடி வந்துட்டா பாலக்காட்டுக் கணவாய்க்குள்ள பூந்து வர்ற காத்து இருக்கே, கோயமுத்தூர் செட்டிபாளையம் கோல்ஃப் கோர்ஸ்ல அந்த மாசத்துல ஆடுனவங்களுக்குத் தெரியும், நின்ன எடத்துல நிக்க விடாது. அந்தக் காத்துல நீளமான கிளப்ப வச்சுட்டு பேலன்ஸ் பண்றது பெரும்பாடு. மூணாறு போனா காத்து இல்ல, சரிவு. டீத்தோட்டத்துக்கு நடுவுல இருக்கற ஒம்பது ஹோல் (குழி) கோர்ஸ், கால் ரெண்டும் ஒரே மட்டத்துல நிக்கற எடம் தேடித்தான் பாக்கணும். பந்து காலுக்கு மேல இருந்தா அந்த நீளம் எங்க போகும் சொல்லுங்க? கீழ எறக்கிப் புடிச்சே ஆகணும். அங்க ஒயரம் 1500 மீட்டருக்கு மேல, காத்து லேசு, பந்து தானா கொஞ்சம் சேத்துப் போகும், தூரத்துக்காக நீளம் வேணும்ங்கற பேச்சே அங்க எடுபடாது. நம்ம கேடி பசங்க (ஆடறவங்களுக்கு பை தூக்கறவங்க) ஆடறத கவனிச்சுப் பாருங்க, மெம்பர் குடுத்த பழைய கிளப்ப எப்பவும் கிரிப்புல ரெண்டு விரக்கடை எறக்கித்தான் புடிப்பாங்க. யாரும் சொல்லிக் குடுக்கல, கையே கண்டுபிடிச்சுக்குது.

அதுக்காக ஒடனே ஆக்சா பிளேட எடுத்துறாதீங்க. வெட்டுனா ஒட்ட வைக்க முடியாது. ஒரு ஒயிட்போர்டு மார்க்கர் வாங்குங்க, பந்து மேல பெருசா ஒரு புள்ளி வைங்க, அந்தப் புள்ளி கிளப்பப் பாக்கற மாதிரி தரையில வச்சு அடிங்க. முகத்துல எங்க பட்டுச்சோ அங்க மை ஒட்டிக்கும். பத்துப் பந்து முழு நீளத்துல அடிங்க, தொடச்சிட்டு அரை இன்ச் எறக்கிப் புடிச்சு பத்து, அப்புறம் ஒரு இன்ச் எறக்கி பத்து. முழு நீளத்துல புள்ளிங்க ஹீல்ல (ஷாஃப்ட் பக்கம்) ரெண்டு, டோல (வெளி ஓரம்) மூணு, அடியில நாலுன்னு செதறிக் கெடக்கும், எறக்கிப் புடிக்கப் புடிக்க ஒரு ரூபாக் காசு அளவுக்குள்ள கூடி வந்துரும். எந்த நீளத்துல கூடுதோ அதுதான் உங்க நீளம். ஒயரத்த வச்சு சார்ட் பாத்து முடிவு பண்றத நான் நம்பறதில்ல, ஒரே ஒயரத்துல ரெண்டு பேரு நின்னா ஒருத்தருக்கு கை நீளம் இன்னொருத்தருக்கு குட்டை. சார்ட் பாத்தே ஆகணும்னா ஷூ போட்டு நேரா நின்னு மணிக்கட்டு ரேகையிலருந்து தரை வரைக்கும் அளந்து பாருங்க, அதாவது பரவால்ல.

வெட்டறதுன்னு முடிவானா கிரிப் பக்கம்தான் வெட்டணும். தலை மாட்டற நுனிப்பக்கம் வெட்டுனா ஷாஃப்ட் வெறச்சுப் போயிரும். பைப் கட்டர் வேண்டாம், கிராஃபைட் நார் நாராப் பிரியும், மாஸ்க்கிங் டேப்ப நல்லா இறுக்கி சுத்திட்டு பொடிப் பல்லு பிளேடுல ஷாஃப்ட்ட உருட்டி உருட்டி அறுக்கணும், அந்தக் கரித்தூள் மூக்குல போகாம மூஞ்சிக்கு துணி கட்டிக்கணும். அரை இன்ச் கொறச்சா ஸ்விங்வெயிட் (சுத்தும்போது தலை எவ்வளவு கனமாத் தெரியுதுங்கற அளவு) சுமார் மூணு பாயிண்ட் எறங்கும், கிளப் தலை இருக்கறதே தெரியாத மாதிரி காத்தாடும். பாதிப்பேரு இந்த எடத்துலதான் "வெட்டுனேன் கெட்டுப்போச்சு"ன்னு சொல்றது. தலையில ரெண்டு கிராம் சேத்தா ஒரு பாயிண்ட் திரும்ப வரும், ஆக அரை இன்ச்சுக்கு ஆறு கிராம் லீட் டேப்ப (ஒட்டற ஈயப் பட்டைய) தலைக்கு அடிப்பக்கமா ஒட்டுங்க. ஸ்க்ரூ வெயிட் மாத்தற மாடலா இருந்தா இன்னும் சுலபம். இன்னொண்ணு, வெட்டுன எடத்துல ஷாஃப்ட் கொஞ்சம் மெலிசா இருக்கும், கிரிப் போடறதுக்கு முன்னாடி டேப் ஒரு சுத்து ஜாஸ்தி சுத்துங்க, இல்லாட்டி கையில ஒல்லியா நிக்கும்.

பொண்ணுங்களுக்கு ஆம்பளைங்க செட்ட அப்படியே தூக்கிக் குடுக்கறாங்களே, அதப் பாக்கும்போதுதான் நெசமாவே கோவம் வருது. அவங்களுக்குன்னு தயாரிக்கற செட்டு பொதுவா ஒரு இன்ச் கம்மியா வரும், ஷாஃப்ட்டும் எளசா இருக்கும். ஆம்பளைங்க கிளப்ப வெட்டிக் குடுத்தாலும் அது வெறப்பாத்தான் இருக்கும். த்ரீ வுட்ட விட்டுட்டு அஞ்சாம் நம்பர் வுட்டோ ஏழாம் நம்பர் வுட்டோ வாங்கிக் குடுங்க, லாஃப்ட் ஜாஸ்தி, நீளமும் தானாவே கம்மி, பந்து எந்திரிக்கும். சொல்லப்போனா நம்மள்ல நெறைய பேருக்கும் அந்த ஏழே போதும்.

ஆறடிக்கு மேல இருக்கறவரு, மார்க்கர் புள்ளி முழு நீளத்துலயே நடுவுல கூடி விழுதுன்னா, அவரு ஒண்ணும் வெட்ட வேண்டாம், அப்படியே ஆடட்டும்.