மனை அப்ரூவல் வேறு, குடிநீர் இணைப்பு வேறு

"டிடிசிபி (அரசின் நகர் ஊரமைப்பு இயக்ககம்) அப்ரூவல் ஆன மனைதான், காவிரித் தண்ணீர் தானாக வந்துவிடும், பயப்படாமல் வாங்குங்க" என்று வேலூர்ப் பக்கம் மனை வாங்குவது பற்றி ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார். அது சரியில்லை. அப்ரூவல் என்பது மனைப்பிரிவின் வரைபடத்துக்கு: சாலை அகலம், பூங்கா இடம் போன்றவை. வீட்டுக்கு இணைப்பு தருவது மாநகராட்சியோ ஊராட்சியோதான். மேட்டூர்ப் பக்கமிருந்து வரும் காவிரி நீர் அந்தத் தெருவரை வந்திருந்தால்தானே தர முடியும்?

காட்பாடி பக்கம் என் தங்கை வாங்கிய மனையில் குழாய் பதித்திருந்தார்கள், தொட்டியும் இருந்தது. தண்ணீர்தான் இல்லை. இரண்டு கோடை லாரித் தண்ணீரில் ஓடியது. பாலாறும் வறண்டு கிடக்க, போர் போட்டாலும் நிச்சயமில்லை.

சரி, என்ன பார்க்க வேண்டும்? 2016 ரெரா சட்டப்படி (வீடு, மனை விற்பனையை ஒழுங்குபடுத்தும் சட்டம்), மனைப்பிரிவை ரெரா ஆணையத்தில் பதிவு செய்யும்போதே குடிநீர் வசதி உட்பட என்னென்ன பணிகள் செய்யப்போகிறோம் என்று மனை போடுபவர் எழுதித் தர வேண்டும். முன்பணம் கொடுக்கும் முன் அதைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். அப்புறம் அந்த உள்ளாட்சி அலுவலகத்துக்கே போய், அந்தத் தெருவுக்கு இணைப்பு கிடைக்குமா என்று நேரில் கேளுங்கள். தயவுசெய்து வாய்ச்சொல்லை நம்பிச் சேமிப்பைப் போட்டுவிடாதீர்கள்.