நிக்கிறது வேற, கிடக்கிறது வேற

மூன்று நாளாகப் பொறுத்துக்கொண்டிருந்தேன். நம்ம வீதி ஆட்கள், நாளைக்கும் முகத்தில் முழிக்கோணும், இந்தக் கோயமுத்தூர்க் கடைவீதியில் சாப்பாடு டெலிவரி பண்ணுகிற பையனிடம் ஒரு கடைக்காரர் சண்டை போட்ட அந்த வீடியோவைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். நேற்று ராத்திரி வந்த கமென்ட்டுகளைப் படித்த பிறகு தூக்கம் பிடிக்கவில்லை. "சோத்து மூட்டை தூக்கறவனுக்கு எதுக்குங்கக்கா வக்காலத்து?" என்று எழுதியவர் எனக்குப் பதினைந்து வருடப் பழக்கம். எங்கள் வீட்டு நோம்பிக்கு வந்து சாப்பிட்டவர். அதனால்தான் எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும்.

வீடியோவை எல்லோரும் பார்த்துவிட்டீர்கள். வண்டிச் சாவியைப் பிடுங்கியது, சாக்கடைச் சிலாப் சந்தில் போட்டது, "என்ற கடை வாசல்ல எவன்டா வண்டி நிறுத்தறது" என்று கத்தியது எல்லாம் அதில் இருக்கிறது. அதில் விழாத ஒன்றைச் சொல்கிறேன். பையனுடைய வண்டிக்கு ஒரு முழம் பின்னால் கவர் போர்த்திய கார் ஒன்று. காலை ஒன்பதரைக்கு வந்தது. ராத்திரி கடை சாத்தும்போதுதான் எடுத்தார்கள். தினமும் அப்படித்தான். பையன் நின்றது நாலு நிமிடம்கூட இருக்காது. எதிர்க்கடையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவள் நான். மேல்மாடி மெஸ்ஸுக்குப் போய்ப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு ஓட்டமாக இறங்கி வந்தான்.

நாலு நிமிடம் நின்றவனுக்கு அடி வாங்காத குறை. பன்னிரண்டு மணி நேரம் கிடந்த காரைப் பற்றி உங்களில் ஒருவர்கூட ஒரு வரி எழுதவில்லை. எனக்கு வலிக்கிறது அதுதான்.

நிற்பது வேறு, கிடப்பது வேறுங்க. இது நான் கண்டுபிடித்த தத்துவம் இல்லை. ரோட்டோரப் பலகையைப் பாருங்கள். நீல வட்டத்தில் குறுக்கே ஒரே ஒரு சிவப்புக் கோடு இருந்தால் 'நோ பார்க்கிங்'. பெருக்கல் குறி மாதிரி இரண்டு கோடு இருந்தால் நிற்கவே கூடாது. லைசென்ஸ் எடுக்கும்போது எல்லோரும் படித்ததுதான். இரண்டுக்கும் வித்தியாசம் இருப்பதால்தானே இரண்டு பலகை வைத்திருக்கிறார்கள்? ஜெர்மனியின் சாலை விதியில் இன்னும் வெளிச்சமாக இருக்கிறது: ஓட்டுகிறவர் வண்டியை விட்டுப் போய்விட்டாலோ, மூன்று நிமிடத்துக்கு மேல் நின்றாலோ அது பார்க்கிங். அங்கே வேலை பார்க்கிற என் அண்ணன் மகனிடம் பேசியபோது தெரிந்துகொண்டது. அந்தக் கணக்குப்படி நம்ம பையன் செய்ததும் பார்க்கிங்தான், ஒத்துக்கொள்கிறேன். அப்படியென்றால் பின்னால் கிடந்ததற்கு என்ன பெயர்?

நம் சட்டத்திலேயே இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 127. பொது இடத்தில் 10 மணி நேரமோ அதற்கு மேலோ கேட்பாரற்று நிற்கிற வண்டியையும், நிறுத்தக்கூடாத இடத்தில் நிறுத்திய வண்டியையும் இழுத்துக்கொண்டு போகவோ சக்கரத்தைப் பூட்டவோ உத்தரவிடலாம். யார் உத்தரவிடலாம்? சீருடையில் இருக்கிற போலீஸ் அதிகாரி. கடைக்காரர் இல்லை. சாவியைப் பிடுங்குகிற அதிகாரம் எந்தக் கடைக்காரருக்கும் எந்தப் பிரிவிலும் கொடுக்கப்படவில்லை.

"வாடகை கொடுக்கறமுல்ல, வாசல் எங்களுதுதானே?" என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். நானும் இதே வீதியில் கடை வைத்திருக்கிறவள்தான். பட்டன், ஜிப், நூல்கண்டு, லைனிங் துணி. நான் கொடுக்கிற வாடகை ஷட்டர் வரைக்கும். சாக்கடைச் சிலாப்புக்கு அந்தப் பக்கம் மாநகராட்சி ரோடு. பொள்ளாச்சியிலிருந்து பஸ் ஏறி வருகிற தையல்காரருக்கும் அதில் பங்கு உண்டு, அந்தச் சோத்து மூட்டைப் பையனுக்கும் உண்டு.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். எட்டு வருடம் எங்கள் வேனும் கடை வாசலிலேயே கிடந்தது. என் வீட்டுக்காரர் காலையில் முதல் ஆளாக வந்து இடம் பிடிப்பார். காரமடையிலிருந்து ஒரு தையல்கார அம்மா மாதாமாதம் சரக்கு எடுக்க வருவார். முட்டி வலி. ஒரு நாள் வெளிப்படையாகவே சொன்னார்: "அம்முணி, ஆட்டோ உங்க கடைகிட்டயே நிக்க மாட்டீங்குது. ரெண்டு வீதி தள்ளி எறங்கி நடக்கோணும். இனிமே மேட்டுப்பாளையத்துலயே வாங்கிக்கிறேனுங்க." அவர் நிற்க வேண்டிய இடத்தில் கிடந்தது எங்கள் வேன். என் வியாபாரத்தை நானே மறித்துக்கொண்டு, ஜனம் வருவதில்லை என்று ஆன்லைன் கடைகளைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். இப்போது வேன் வீட்டில் நிற்கிறது. ஸ்கூட்டரில் வருகிறோம், அதைக் காசு கொடுத்து ஸ்டாண்டில் விடுகிறோம், பத்து நிமிடம் நடக்கிறோம். குட்டி யானையில் சரக்கு வந்தால் வாசலிலேயே இறக்க முடிகிறது. முன்பெல்லாம் நடு ரோட்டில் நிறுத்தி, பின்னால் நிற்கிற பஸ் ஹாரன் அடிக்க அடிக்க லோடுமேன் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்.

இது நம் ஊருக்கு மட்டும் வந்த வியாதி இல்லை. உலகத்தின் முதல் பார்க்கிங் மீட்டர் 1935 ஜூலையில் அமெரிக்காவின் ஓக்லஹோமா சிட்டியில் வைக்கப்பட்டது. ஒரு மணி நேரத்துக்கு 5 சென்ட். ஏன் வைத்தார்கள்? கடைவீதியில் வேலை பார்க்கிறவர்களே காலையில் வந்து காரைப் போட்டுவிட்டுச் சாயங்காலம் வரைக்கும் எடுக்காததால், சாமான் வாங்க வருகிறவர்களுக்கு இடமில்லை. தொண்ணூறு வருடத்துக்கு முன்பே கண்டுகொண்டது, நம் வீதிக்கு இன்னும் புரியவில்லை.

பார்க்கிங் கட்டணம் என்ற வார்த்தையைப் போன வாரம் எழுதியதற்கே "ஏழை வயித்துல அடிக்காதீங்க" என்று வந்தார்கள். கார் வைத்திருக்கிறவர்கள் ஏழையின் வயிற்றைப் பற்றிப் பேசுகிறார்கள். எங்கள் அப்பா பீளமேட்டில் மில் வேலை பார்த்தவர். ஒரே ஒரு சைக்கிள். ஞாயிற்றுக்கிழமை என்னை முன்னால் பாரில் உட்கார வைத்துக் காந்திபுரத்துக்குக் கூட்டிப் போவார். பஸ் ஸ்டாண்டு பக்கம் சைக்கிள் ஸ்டாண்டில் விட்டுவிட்டு டோக்கன் வாங்குவார். வட்டத் தகர வில்லை, அதில் நம்பர் குத்தியிருக்கும். என் கையில் கொடுத்து, "கண்ணு, இதத் தொலச்சா சைக்கிள் போயிரும்" என்பார். கை வியர்க்க வியர்க்க இறுக்கிப் பிடித்திருப்பேன். வாரச் சம்பளத்தில் எட்டு ஜீவனுக்குச் சோறு போட்ட மனுசன், சைக்கிளை நிறுத்தக் காசு கொடுத்தார். ஒரு நாளும் முணுமுணுத்தது இல்லை. ஆர்.எஸ்.புரம் டி.பி. ரோட்டில் பல அடுக்கு கார் நிறுத்தம் கட்டியிருக்கிறார்கள். முன்னூறுக்கு மேல் கார் நிற்கும். உள்ளே இடம் இருக்கும்போதே, வெளியே ஓசியில் ஒரு சந்து கிடைக்காதா என்று மூன்று சுற்றுச் சுற்றுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். சைக்கிள்காரர் கொடுத்த காசைக் கார்காரர் ஏன் கொடுக்கக் கூடாது? யாராவது எனக்குப் பதில் சொல்லுங்கள்.

டொனால்ட் ஷூப் என்று கலிபோர்னியாவில் ஒரு பேராசிரியர், 2025-இல் காலமானார். வாழ்நாள் முழுக்க இந்த ஓசி நிறுத்தத்தைத்தான் ஆராய்ந்தார். அவர் சொன்னது நம்ம பாட்டி கணக்கு மாதிரிதான்: ஒவ்வொரு வீதியிலும் எந்த நேரமும் ஒன்றிரண்டு இடம் காலியாக இருக்கிற அளவுக்குக் கட்டணம் வையுங்கள். கூட்டமான நேரத்தில் ஏற்றுங்கள், ஆளில்லாத நேரத்தில் இறக்குங்கள். சான் பிரான்சிஸ்கோவில் 2011 முதல் தரையில் சென்சார் வைத்து, எந்த வீதி எப்போது நிரம்புகிறது என்று அளந்து, அதற்குத் தக்க விலையை மாற்றிப் பார்த்தார்கள். ஜப்பானில் 1962 சட்டப்படி, நிறுத்த இடம் இருக்கிறது என்று சான்று காட்டினால்தான் கார் வாங்கிப் பதிவு செய்ய முடியும். நம்மிடம் காருக்குக் கடன் இருக்கிறதா என்று மட்டும்தான் கேட்கிறோம், இடம் இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை.

"அதெல்லாம் நம்மூருக்கு ஒத்து வராது." இதை எழுதியவர்கள் கோயமுத்தூர்க்காரர்களா என்றே சந்தேகம் வருகிறது. 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவில் ஒரே ஒரு பஸ்ஸோடு தொழில் தொடங்கிய ஜி.டி. நாயுடுவின் ஊருங்க இது. மோட்டாரும் பம்ப்செட்டும் கிரைண்டரும் செய்து நாடெங்கும் அனுப்புகிற ஊருக்கு, ஒரு வண்டி எத்தனை நிமிடம் நின்றது என்று அளக்கத் தெரியாதா? ஒரு கேமரா, ஒரு கியூஆர் அட்டை போதும். முதல் சில நிமிடம் எல்லோருக்கும் இலவசம், அதற்கு மேல் காசு, நேரம் ஏற ஏற எச்சாக் காசு. சரக்கு இறக்க விடியற்காலையில் தனி நேரம். ஆட்டோவும் டெலிவரி வண்டியும் நின்று போக வீதிக்கு நாலு இடம் கோடு போட்டு. ஸ்மார்ட்போன் இல்லாத பெரியவர்களுக்குப் பக்கத்தில் சீட்டுக் கிழித்துக் கொடுக்க ஒரு ஆள், அதை மறந்துவிடக் கூடாது.

டெலிவரி பசங்க ஒன்வேயில் எதிரே வருகிறார்கள் என்கிறீர்கள். உண்மை. வருகிறார்கள், தப்பு. ஆனால் அவர்களை முடுக்குகிற செயலியை யாரும் கேட்கவில்லையே? சோறு இன்னும் எத்தனை நிமிடத்தில் வரும் என்று உங்கள் கையில் காட்டத் தெரிகிற கம்பெனிகளுக்கு, வண்டியை எங்கே நிறுத்துவது என்று அந்தப் பையனுக்குக் காட்டத் தெரியாதா? வரைபடத்தில் கடை வாசலில் குத்தியிருக்கிற புள்ளியைக் கோடு போட்ட இடத்துக்கு நகர்த்தினால் போதும். அதற்கு முதலில் கோடு போட்ட இடம் வேண்டும். அதை மறித்துக்கொண்டு கிடக்கிறது கவர் போர்த்திய கார். சுற்றிச் சுற்றி நான் அங்கேயேதான் வருகிறேன், தெரிகிறது. வேறு எங்கே போக?

நடக்கிறவர்களைப் பற்றிச் சொல்லாமல் விடமுடியவில்லை. பிளாட்பாரத்தில் குறைந்தது 1.8 மீட்டர் தடையில்லாமல் இருக்க வேண்டும் என்று, சாலைகளுக்குத் தரம் வகுக்கிற இந்தியச் சாலை காங்கிரஸ் என்ற அமைப்பின் வழிகாட்டி சொல்கிறது. நடைபாதை, அரசமைப்பின் 21-ஆவது பிரிவு தருகிற உயிர்வாழும் உரிமையைச் சேர்ந்தது என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் சொன்னது. எங்கள் அம்மா இரண்டு வருடத்துக்கு முன் பஸ்ஸுக்குப் போகையில், பிளாட்பாரத்தில் ஏற்றி நிறுத்திய காரைச் சுற்றிக்கொண்டு போக ரோட்டில் இறங்கினார். பைக் மோதி இடுப்பு எலும்பு முறிந்தது. இன்றைக்கும் வாக்கர்தான். மோதிய பையன் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிவந்து விடிய விடிய உட்கார்ந்திருந்தான். கார்காரர் யார் என்றே தெரியாது. தன் கார் என்ன செய்தது என்று அவருக்கும் தெரியாது. வந்திருப்பார், எடுத்துக்கொண்டு போயிருப்பார். நின்ற வண்டி யாரையும் இடிக்காது என்று தயவுசெய்து என்னிடம் சொல்லாதீர்கள்.

"அக்காவுக்குச் சொந்த வெசனம், அதான் இப்படி எழுதறாங்க" என்று யாராவது எழுதுவீர்கள். ஆமாங்க, சொந்த வெசனம்தான். ரோட்டோரத்தில் அடிபட்டவளின் மகள் பேசாமல் வேறு யார் பேசுவது?

அந்தப் பையன் அன்றைக்கு ஒன்றரை மணி நேரம் என் கடை வாசல் படியில் உட்கார்ந்திருந்தான். இருந்த ஒரே மாற்றுச் சாவியை எடுத்துக்கொண்டு அன்னூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து அவனுடைய அப்பா பஸ்ஸில் வர வேண்டியிருந்தது. மதியம், நல்ல ஆர்டர் வருகிற நேரம். டீ கொடுத்தேன். "வேண்டாமுங்கக்கா" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டுப் பிறகு குடித்தான். வாங்கிய பொட்டலம் ஆறிப்போய் மடியில் இருந்தது. அப்பா வந்ததும் என்ன ஏது என்று கேட்கவேயில்லை. சாவியைக் கொடுத்துவிட்டு, எதிர்க்கடையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார். அந்தக் கும்பிடுதான் மூன்று நாளாக என் தூக்கத்தைக் கெடுக்கிறது.

அண்ணா, நீங்கள் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். இருபது வருடமாக எதிரும் புதிருமாகக் கடை வைத்திருக்கிறோம். என் மகள் கல்யாணத்துக்குப் பந்தி பரிமாறியவர் நீங்கள். அந்தக் கார் யாருடையது என்று நான் இங்கே எழுதவில்லை, எழுதவும் மாட்டேன். பையனுடைய நம்பர் என்னிடம் இருக்கிறது. நாளை காலை கடை திறந்ததும் வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.